மண்கூடையோடு சிரித்தவள்

அக்கா, உங்கள் நீலப் பெட்டி என் கடைக்கு வந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.

உங்கள் மகன்தான் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். "அம்மா இத்த உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிச்சு" என்றான். போலியோ சொட்டு மருந்தை ஐஸ் கட்டியோடு தோளில் மாட்டிக்கொண்டு நீங்கள் ஊர் ஊராகப் போன அதே பெட்டி. கொக்கி உடைந்ததும் ஆபீசில் கழித்துப் போட்டார்கள். நீங்கள் கேட்டு வாங்கிவந்து, அதில் பழைய போட்டோக்களை அடுக்கினீர்கள். "மருந்தையே கெடாம வெச்சிருந்த பொட்டி, மனுசங்கள வெக்காதா?" என்பீர்கள். மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனையும் காய்ந்த வேப்பிலை வாசனையும் கலந்து வந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவன், "இன்னாக்கா, கடையில ஆஸ்பத்திரி வாட அடிக்குது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டான். எனக்கென்னவோ நீங்களே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

நீங்கள் கிராம நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், ஏதோ சான்றிதழ் நகலெடுக்கத்தான் முதலில் என் கடைக்கு வந்தீர்கள். கூடவே ஒரு மஞ்சள் பையிலிருந்து ஒரு கல்யாண போட்டோவை எடுத்து வைத்தீர்கள். யார் என்று கேட்டேன். "தெரியாது. அத்தத் தெரிஞ்சிக்கத்தான். இத்தினி வருசம் வூடு வூடா பூந்து ஊசி போட்டேன். எல்லார் வூட்டு செவுத்துலயும் மூஞ்சிங்க என்னையே பாத்துக்கினு இருந்துச்சு. யாருன்னு கேக்க நேரமில்ல. இப்ப கீது."

அப்படித்தான் நாம் ஆரம்பித்தோம். நீங்கள் ஊர் ஊராகப் போய்ப் படம் வாங்கிவர, நான் ஸ்கேன் செய்து அச்சுப் போட. சட்டங்களெல்லாம் உங்களுடையவை. செவ்வாய், வெள்ளி யார் வீட்டிலும் படம் கேட்கக் கூடாது, அன்றைக்கு வீட்டை விட்டு எதையும் கொடுக்க மாட்டார்கள். காலையில் வாங்கினால் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் திரும்ப மாட்டிவிட வேண்டும். "பூ வெக்கிற நேரத்துல செவுரு வெறுமனே இருந்தா அந்த வூட்டுல சோறு எறங்காது." செல்போனிலேயே எடுத்துக்கொண்டு வரலாமே என்று சோம்பேறித்தனமாகக் கேட்டதற்கு, எடுத்துக் காட்டினீர்கள். படத்தின் கண்ணாடியில், உள்ளே இருந்த பெரியவர் முகத்துக்கு மேல் உங்கள் மூக்குத்தியும் போனும்தான் விழுந்திருந்தன.

ஏரி நிரம்பிக் கலிங்கல் வழிந்த அன்று தண்ணீரில் நின்ற இளவட்டங்கள், காகிதப் பூ ஜாடிக்குப் பக்கத்தில் விறைத்து நின்ற மாப்பிள்ளைகள், சப்பரத்தின் மேல் ஏறி நின்ற பெரிய மனிதர்கள் என்று எத்தனையோ முகங்கள் என் மிஷினுக்குள் போய் வந்தன. ஆண்களுக்குப் பேர் சுலபமாகக் கிடைத்துவிடும். பெண்கள் பக்கம் வந்தால் "இது அவரு சம்சாரம்" என்று நிறுத்திவிடுவார்கள். நீங்கள் விடமாட்டீர்கள். "சம்சாரம்னு நான் எந்தப் பொம்பளைக்கும் கார்டு போட்டதில்ல. பேரச் சொல்லு." கிடைத்த பேரைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுவீர்கள். பேர்கள் மட்டும் முத்து முத்தாக இருக்கும், மற்ற விவரமெல்லாம் கோழிக் கிறுக்கல். அதைப் படித்து டைப் அடிக்க இந்தத் தாலுகாவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பேர் கிடைக்காத படம் பள்ளிக்கூட வராந்தாவில் நாம் மாட்டுகிற கண்காட்சிக்குப் போகாது. அதுவும் உங்கள் சட்டம்.

என் வாயைப் பற்றியும் ஒரு சட்டம் போட்டிருந்தீர்கள். ஒரு போட்டோவிலிருந்த இரண்டாம் தாரத்தைப் பற்றி நான் டீக்கடையில் வாய்விட்டு, இரண்டு குடும்பம் பத்து நாள் பேசாமல் இருந்ததே, அதற்குப் பிறகு. "உன் காதுல ஒண்ணு போட்டா பஸ் ஸ்டாண்டு மைக்குல போட்டாப்புல. இனிமே உனக்கு மூஞ்சி மட்டும்தான், சேதி கெடையாது." நான் சிரித்துக்கொண்டேன். நிஜம்தானே.

அந்தப் படம் கிடைத்தது திருப்புலிவனத்தில், ஒரு பெரிய நிலக்காரர் வீட்டில். அவருடைய அப்பா படத்தை மரச்சட்டத்திலிருந்து கழற்றினால், அது சுருங்காமல் நிற்க வேண்டும் என்று பின்னால் இன்னொரு போட்டோவை அட்டையாகச் செருகியிருந்தார்கள். ஏதோ ஒரு கரையில் நாலைந்து பெண்கள் தலையில் மண்கூடையோடு வரிசையாக நிற்கிறார்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்து மிரண்டிருக்க, நடுவில் ஒருத்தி மட்டும், எல்லோரையும் விட ஒரு சாண் உயரம், வாய்விட்டுச் சிரிக்கிறாள். வீட்டுக்காரர்களுக்கு அந்தப் படம் இருந்ததே தெரியாது. "நீயே வெச்சிக்கம்மா" என்று கொடுத்துவிட்டார்கள்.

ஏரிக்கரை வேலை நடந்தபோது எடுத்தது என்று நாம் இரண்டு பேரும் முடிவு கட்டினோம். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு பேர் தேடக் கிளம்பினீர்கள். ஏரிக்கோடியில் இருளர் வீடுகளில் இருக்கிற பட்டு அதைக் கையில் வாங்கியவள், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாளாம். "எங்கம்மாதான் நர்சம்மா. எங்க மாமன் சொல்லும், உங்கம்மா எப்பவும் சிரிச்சிக்கினே இருக்கும்னு." பட்டு கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் அம்மா போய்விட்டாள். படம் என்று ஒன்று கிடையாது.

சரி, பேர் கிடைத்தது என்று இருந்தோம். அடுத்த வாரமே திருப்புலிவனத்து மல்லிகா பார்த்தாள். அவர்கள் வீட்டில் இன்று டிராக்டர் நிற்கிறது, அன்று கூலிக்குப் போன குடும்பம். படத்தைப் பார்த்ததும் உள்ளே போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள் என்றீர்கள். "எங்க நைனா சொல்வாரு, கூலிக்குப் போற கும்பல்ல உங்கம்மா தல மட்டும் தனியாத் தெரியும்னு." மகன் முகம் சுளித்திருக்கிறான், நம்ம வீட்டுப் பொம்பளை மண் சுமந்ததை ஊருக்கே காட்டணுமா என்று. "மண்ணு சொமந்துதான்டா எனக்குக் கஞ்சி ஊத்துச்சு" என்று மல்லிகா அவன் வாயை அடைத்தாளாம். அவளுக்கும் அம்மா முகம் தெரியாது.

ஒரு முகம், இரண்டு மகள்கள். ஒருத்திக்கு மாமன் சொன்ன சிரிப்பு, இன்னொருத்திக்கு நைனா சொன்ன உயரம். வேறு சாட்சி இல்லை. விஷயம் கசிந்து (என்னைப் பார்க்காதீர்கள், அந்தத் தடவை நான் இல்லை) பட்டு என் கடைக்கு வந்து நின்றாள். "டிராக்டர் வெச்சிருக்கிறவங்க கேட்டா எங்கம்மா அவங்க அம்மாவாப் பூடுமா?"

அன்றைக்கு உங்களோடு சண்டையே போட்டேன். "ஆளுக்கொரு காப்பி குடுத்துடலாங்கா. ரெண்டு பேருக்கும் அம்மா மூஞ்சி வேணும், அவ்ளோதான். யாரு கேக்கப் போறாங்க?"

"ஒரு மூஞ்சிக்கு ரெண்டு பேரா? ஒரு சொட்டு மருந்த ரெண்டு கொயந்தைக்குப் போட்டேன்னு எழுதுவியா நீ?" என்று மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

நாலைந்து நாள் கழித்து, திருமுக்கூடல் பெருமாளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகப் பஸ் ஏறினீர்கள். கோயில் குளம் என்று அலைகிற ஆளில்லையே என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சாயங்காலம் காலெல்லாம் ஆற்று மணலோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டுக் குடித்தீர்கள். பிறகு, "நீ சொன்னதே சரிடி. அந்த மூஞ்சிய மட்டும் பெருசாக்கி மூணு காப்பி போடு" என்றீர்கள்.

"ரெண்டுதானே? மூணாவது யாருக்கு?"

"எனக்குத்தான்."

வாதத்தில் உங்களை நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நர்சம்மாவையே மடக்கினவள் நான் என்று. நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருப்பீர்கள், மறுத்ததே இல்லை.

இரண்டு பேரையும் என் கடைக்கே வரவழைத்தீர்கள். பெஞ்சில் அந்தக் கோடியில் ஒருத்தி, இந்தக் கோடியில் ஒருத்தி. ஆளுக்கொரு படத்தைக் கையில் கொடுத்தீர்கள். ஒரே முகம் இரண்டு மடியிலும் சிரித்துக்கொண்டிருந்தது. மல்லிகாதான் முதலில் வாயைத் திறந்தாள். "உனக்கு வயசு இன்னா?" பட்டு சொன்னாள். "அப்ப நான்தான் பெரியவ. அக்கான்னு கூப்புடு." பட்டு விடுவாளா? "அக்கான்னா சும்மாவா? அம்மா வூட்டு சீர்னு பொங்கலுக்கு ஒரு பொடவயாவது வருமா?" நீங்கள் சிரித்தீர்கள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வந்தது, அக்கா. அந்தப் பொங்கலிலிருந்து ஒரு வருஷம் தவறவில்லை. புடவையும் வெல்லமும் கரும்பும் டிராக்டரிலேயே ஏரிக்கோடிக்குப் போகும். ஏரியில் மீன் பிடித்தால் முதல் குழம்பு பட்டு வீட்டிலிருந்து திருப்புலிவனத்துக்குப் போகும். முகம் சுளித்த அந்த மகன்தான் இன்று டிராக்டரை ஓட்டிக்கொண்டு போகிறான், பட்டுவைச் சித்தி என்கிறான். உங்கள் காரியத்தன்று இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

இனி பெட்டிக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு பிளாஸ்டிக் கவரில், அந்த மண்கூடைப் படத்தின் மூலப்பிரதி இருந்தது. பின்னால் உங்கள் பென்சில். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, உங்கள் கிறுக்கலைப் படித்தேன்:

நம் ஏரி அல்ல. நிலக்காரரின் மாமனார் ஊரில் எடுத்தது, திருமுக்கூடல், பாலாற்றங்கரை. நடுவில் இருப்பவர் அவ்வூர்க் கன்னியம்மா, விசாரித்து உறுதி. மகளிடமும் வேறு படம் இல்லை. இருவர் பற்றியும் சொன்னேன். சிரிக்கிற மூஞ்சிதானே, அவங்களும் வெச்சிக்கட்டும் என்றார்.

கீழே, முத்து முத்தாக மூன்று பேர்: பட்டு, மல்லிகா, ராணி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஊசி போட்டு முடித்ததும் ரிஜிஸ்டரில் போடுவீர்களே, அந்த டிக்.

பெட்டி முழுக்கத் தேடினேன். உங்களுக்கு என்று சொன்ன மூன்றாவது காப்பி இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பிறகு சிரித்துவிட்டேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே அது பஸ் ஸ்டாண்டு மைக்கில் போயிருக்கும். பொங்கல் சீரும் போயிருக்காது, மீன் குழம்பும் வந்திருக்காது. ஆக, நான் ஜெயிக்கவும் இல்லை. பொய்யே சொல்லாத நீங்கள், என் வாய்க்குப் பயந்து இரண்டு பொய் சொல்லியிருக்கிறீர்கள்: பெருமாளைப் பார்க்கப் போனது ஒன்று, மூன்றாவது காப்பி "எனக்குத்தான்" என்றது ஒன்று. பார்க்காத ராணியை நினைத்தால்தான் மனசு நிறைகிறது. கேட்ட மாத்திரத்தில் தன் அம்மாவைப் பங்கு போட்டுக் கொடுக்க யாருக்கு வரும்?

முந்தாநாள் பட்டு ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். படம் மேஜைமேலேயே இருந்தது. "எங்கம்மா!" என்று எடுத்தவள், நான் எழுந்திருப்பதற்குள் திருப்பிவிட்டாள். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

"மேல இன்னாமோ கோயி கெளறினாப்புல கீது. கீய என் பேரு கீது பாரு. அக்கா பேரு கீது. ராணியா? அது யாரு?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது, அக்கா. நிஜமாகவே வந்துவிட்டது. பெட்டியின் மூடி திறந்திருந்தது, உங்கள் ஸ்பிரிட் வாசனை அடித்தது. எச்சிலை விழுங்கினேன்.

"திருமுக்கூடல்ல ஒரு பொண்ணு. அதுவும் இது எங்கம்மான்னு சொல்லிச்சாம். நர்சம்மா அதுக்கும் ஒண்ணு குடுத்துச்சு."

பட்டு படத்தை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. "அப்ப எனக்கு இன்னொரு அக்கா கீறாங்களா? இத்தினி வருசமா ஏன் சொல்லல? இரு, மல்லிகாக்காவுக்கு போன் போடறேன்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடலுக்குப் போகிறார்கள். ராணிக்குப் புடவை எடுத்தாகிவிட்டது. வழி காட்ட நானும் வர வேண்டுமாம். ராணி, அவங்களும் வெச்சிக்கட்டும் என்று உங்களிடம் சொன்னவள், அவளால் ஒன்றும் கெடாது. பயமெல்லாம் என் வாய் ஒன்றுதான். பஸ் ஏறினதும் கடலை மிட்டாயை அடைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

படத்தை வேப்பிலை மாற்றி, பழையபடி பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். இந்த வருஷமும் கண்காட்சிக்கு அந்தச் சிரிக்கிற பொம்பளை படத்தை ஏன் தரவில்லை என்று பள்ளிக்கூட டீச்சர் கேட்டபோதும் தலையை மட்டும் ஆட்டினேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பதினோரு நாள், அக்கா. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.