கறை படாத வேட்டி

சைதாப்பேட்டை, 1938

அன்புள்ள அம்மாவுக்கு மகன் ஷரீஃப் சலாம். அல்லாஹ் கிருபையால் நான் சுகம். உங்கள் மூட்டுவலியும் அத்தாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

எங்கள் டீசல் பஸ் ஒன்று இஞ்சின் ஆயிலைக் குடித்துத் தீர்க்கிறது. ஒழுகுகிறதா என்று பார்க்க, பெருநாளைக்கு நீங்கள் அனுப்பிய வெள்ளை வேட்டியை ராத்திரி இஞ்சினுக்கு அடியில் விரித்துவைத்தேன். காலையில் ஒரு சொட்டுக் கறை இல்லை. அப்படியானால் இஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் உள்ளேயே எரிகிறது, நீலப் புகையைப் பாருங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"டீசல்னா புகை வரத்தான் செய்யும். கீழ ஒரு சொட்டு கூட இல்ல, அப்பறம் ஆயில் எங்க போச்சு? நீதான் வித்துக்கினு கீற" என்றார்.

இஞ்சினைப் பிரித்துக் காட்டுகிறேன் என்றேன், விடவில்லை. மெக்கானிக் வேலையிலிருந்து எடுத்துவிட்டார், இப்போது பஸ் கழுவுகிறேன். மற்ற ஷெட்டுகளிலும் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டாராம். கவலைப்படாதீர்கள், கழுவுகிற வேலையில் கையாவது சுத்தமாக இருக்கிறது.

ஊர்க்காரர் யாராவது வந்தால் கொஞ்சம் கருவாடும், கட்டிக்கொள்ள ஒரு கைலியும் கொடுத்தனுப்புங்கள். எந்தக் கலரானாலும் சரி, வெள்ளை மட்டும் வேண்டாம். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

ஷரீஃப்