உதவி கேட்காத கப்பல்

இன்று காலை மீன்காரர் வண்டியை வாசலில் நிறுத்தியதும், நான் வாய் திறக்கும் முன்பே தன் தாயின் மேல் சத்தியம் செய்தார்.

"உம்மாவாண இது கப்பல் மீன் இல்லம்மா. திருகோணமலையால வந்தது. வேணுமெண்டா மோந்து பாருங்க."

பாரை ஒன்றின் செவுளை விரித்துக் காட்டினார். மோந்து பார்த்தேன். மீன் வாசனைதான் வந்தது. ஆனாலும் வாங்கவில்லை. மேற்குக் கரையில் ஒரு கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்து மணலெல்லாம் கறுத்துக் கிடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கப்பலில் இருந்தவர்களுக்குக் கோளாறு முன்னமே தெரியுமாம். தெரிந்தும் வெளியே சொல்லவில்லையாம். நேற்றைய செய்தியில் அதைக் கேட்டபோது நீங்கள் இருந்திருந்தால் எழுந்துபோய் நிறுத்தியிருப்பீர்கள். நான் திரும்பவும் போட்டிருப்பேன். புருஷன் பெண்டாட்டியாக அத்தனை வருஷம் வாழ்ந்தும் இந்த ஒரு விஷயத்தில் நாம் இருவரும் கடைசி வரைக்கும் ஒத்துப்போகவில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகும் நான் ஒத்துப்போவதாக இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையில் இந்த வீட்டை நீங்கள் பிடித்ததற்கு ஒரே காரணம், பின்பக்கம் மலை முடிந்து தாழ்நிலம் தொடங்குவது. கொழும்புக் கடல் வரைக்கும் இடையில் மறைப்பே இல்லை என்றீர்கள். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் வேலை செய்த கடைசிக் கப்பலை உடைக்கக் கொடுத்தபோது கழற்றிக்கொண்டு வந்த அந்த வானொலிப் பெட்டியில், வானம் வெளித்த நாட்களில் கப்பல்கள் ஒன்றோடொன்று பேசுவது கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு உட்காருவதுதான் உங்கள் ஓய்வுக்காலம். பல வருஷம் கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்தவர் வேறு என்ன செய்வார்?

நான் கண்டி மஹய்யாவ லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் பிறந்தவள். அப்பா நகரசபைத் தொழிலாளி. பள்ளிக்கூடம் எனக்குப் பாதியில் நின்றது. உங்கள் அக்கா என்னைத் 'தோட்டக்காட்டாள்' என்று இளக்காரமாகச் சொன்னது எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தீர்கள். தெரியும். அந்த அக்காவுக்கு வராத இங்கிலீசை, கறி அடுப்பில் கொதிக்கிற நேரத்தில் உங்கள் பெட்டியைக் கேட்டுக் கேட்டே நான் படித்தேன். எந்தக் கப்பல் நங்கூரம் போட்டிருக்கிறது, எது எண்ணெய்க் கப்பல், எதில் பைலட் என்கிற துறைமுக வழிகாட்டி ஏறப்போகிறார் என்றெல்லாம் எனக்கு விளங்கத் தொடங்கியபோது நீங்கள் சிரித்தீர்கள். "கப்பல் ஓடாத மாலுமி" என்று பட்டமும் வைத்தீர்கள்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. உங்களைப் போல வடக்கிலிருந்து வந்தவர்கள் பேருந்தில் வாய் திறந்து டிக்கெட் கேட்கப் பயந்த காலம். பெட்டியின் மேல் எப்போதும் ஒரு சேலையைப் போட்டு மூடிவைப்போம்.

நாம் ஒத்துப்போகாத அந்த நாள் ஒரு சனிக்கிழமை. மழை விட்டு வெயில் அடித்தது. நீங்கள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தீர்கள். பெட்டியில் இரண்டு பையன்கள் தமிழில் பேசினார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. வேறு வேறு கப்பலில் வேலை செய்கிற ஊர்க்காரர்கள் ஆளில்லாத அலைவரிசைக்குப் போய் இப்படி ஊர்க்கதை பேசுவது வழக்கம்தானே. கப்பலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்கினார்கள்.

"ஏலே மாப்ளே, எங்க ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குலே. நேத்து ரெண்டு மட்டம் செத்துப் போச்சு. வீலைத் திருப்புனா கப்பல் அசைய மாட்டேங்கு."

"கேப்டன்ட்ட சொன்னியளா?"

"அவருக்குத் தெரியும்லே. வெளிய சொன்னா உள்ள விடமாட்டான், கம்பெனிக்காரன் ஏசுவான்னு வாயப் பொத்திட்டு இருக்காரு. சாயங்காலம் பைலட்டு ஏறுதாரு. முழு லோடு கறுப்பு எண்ணெ. நீ சாமியக் கும்பிடு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அந்தக் கப்பலின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பதித்துக்கொண்டேன். தலையில் துவாயோடு நீங்கள் உள்ளே வந்து கடைசி வார்த்தைகளைக் கேட்டீர்கள். முகம் மாறியதைப் பார்த்தேன். இருந்தாலும் பெட்டியை அணைத்துச் சேலையை இழுத்து மூடினீர்கள்.

"தமிழ்ப் பெடியள். சும்மா கதைக்கிறாங்கள்."

"சும்மாவா? ஸ்டியரிங் இல்லாத எண்ணெய்க் கப்பல இத்தனை கப்பலுக்கு நடுவுல உள்ள கொண்டு போறாங்க. நீங்க சும்மாங்கிறீங்க."

"இஞ்ச பார். எங்களுக்கெண்டு அனுப்பாத சொல் எங்கட இல்லை. கேட்டதை வெளியில சொல்லமாட்டன் எண்டு சத்தியம் செய்துதான் நான் இந்த வேலைக்குப் போனது."

"அபாயக் குரல்னா சொல்லலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவங்கள் உதவி கேக்கேல்லையே."

"கேக்கத்தான் கேப்டன் விடலையே!"

பிறகுதான் உண்மையைச் சொன்னீர்கள். "யாழ்ப்பாணத்தான் ஒருத்தன். ரயில் பாதைக்கு மேல வீடு. வீட்டுக்குள்ள கப்பல் ரேடியோ. நீ வாய் திறந்தா ஆமிக்காரங்கள் கப்பலையோ தேடுவாங்கள்? இயக்கக்காரன் எண்டு என்னையெல்லோ தேடுவாங்கள்!"

அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அது எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் கல்யாணமான புதிதில் நீங்கள் ஒரு கதை சொன்னீர்கள். ஏதோ ஒரு நாட்டுக் கரையில் எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும் மோதிய மறுநாள் உங்கள் கப்பல் அந்த வழியாகப் போனது. அலை வந்து கரையில் விழுந்தது, ஆனால் சத்தமே இல்லை என்றீர்கள். எண்ணெயின் கனத்தில் கடல் ஊமையாகிவிட்டது, கரையில் மீனவப் பெண்கள் நண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டுப் போனார்கள் என்றீர்கள். அந்தக் கதையை உங்களுக்கே திருப்பிச் சொன்னேன்.

குடையை எடுத்தேன்.

"உனக்கு விசரே?"

"ஆமா, விசர்தான். பைத்தியந்தான்."

தபாற்கந்தோர் பூட்டிக் கிடந்தது. தொலைபேசி இருந்த இன்னோர் இடம் ரயில் நிலையம். நிலைய அதிபர் சிங்களவர், நல்ல மனுஷர், என்னிடம் தோடம்பழக் கன்று வாங்கி நட்டவர், என்னை மரியாதையாக நோனா என்று கூப்பிடுபவர். நான் சிங்களத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். "நோனாவின் வீட்டுக்குள் கடல் வந்துவிட்டதா?" என்றார். நான் சிரிக்கவில்லை. கப்பலின் பெயரையும் கோளாறையும் திரும்பச் சொன்னேன். அவரும் சிரிப்பை நிறுத்தினார்.

"கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குச் சொல்கிறேன். அங்கிருந்து துறைமுகத்துக்குச் சொல்வார்கள். ஆனால் யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என்ன சொல்ல?"

யாரோ சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாமே என்று உங்கள் அக்கா பிற்பாடு கேட்டார். பெயரில்லாமல் வந்த தகவலையெல்லாம் அந்த நாட்களில் குண்டுப் புரளி என்று ஒதுக்கினார்கள். நம்பியிருக்கவே மாட்டார்கள். பெயர் இருந்தால்தான் அந்தச் செய்திக்குக் கால் முளைக்கும். என் பெயரைக் கொடுத்தேன். வானொலியில் நானே கேட்டேன் என்றேன். உங்கள் பெயரை நான் உச்சரிக்கவில்லை. பேசியது அந்தப் பையன்கள் என்பதையும் சொல்லவில்லை. அவர் தொலைபேசியின் கைபிடியைச் சுற்றி மணியடித்தார்.

மறுநாள் ஆமி ஜீப் வந்தது. என் பெயரைக் கேட்டு வந்தவர்கள், உங்களைப் பார்த்ததும் என்னை மறந்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்கினார்கள். உங்களையும் ஏற்றினார்கள். "நான்தான் கேட்டது, நான்தான் சொன்னது" என்று ஜீப்பின் பின்னால் கத்திக்கொண்டு ஓடினேன். நீங்கள் திரும்பி, வீட்டுக்குப் போ என்று கையால் காட்டினீர்கள்.

நீங்கள் திரும்பி வந்தபோது வலது காது கேட்கவில்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்குச் சளி என்றீர்கள். எனக்கும் அதையேதான் சொன்னீர்கள். காதையே தொழிலாக வைத்திருந்த மனுஷர்.

கப்பலை அன்று மாலை உள்ளே விடவில்லை, பிறகு இழுவைப் படகுகளை முன்னும் பின்னும் கட்டித்தான் கொண்டுவந்தார்கள் என்று நிலைய அதிபர் ஒருநாள் தாழ்ந்த குரலில் சொன்னார். பேப்பரில் ஒரு வரியும் இல்லை. என்னவென்று போடுவார்கள்? எண்ணெய் கொட்டவில்லை, கரை கறுக்கவில்லை, மீன் விற்றது, எல்லோரும் சாப்பிட்டார்கள் என்றா?

"நடக்காத விபத்துக்கு அடி வாங்கினவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்" என்று நீங்கள் பகடி செய்வீர்கள். பகடி முடிந்ததும் சண்டை தொடங்கும்.

"சுக்கான் கடைசி மட்டும் நல்லா வேலை செய்திருக்கும்."

"செய்யாமலும் போயிருக்கும்."

"ஆருக்குத் தெரியும்?"

"ஆருக்கும் தெரியாது. அதுக்குத்தான் போனேன்."

எத்தனையோ வருஷம் இதே நாலு வரிதான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. நீங்கள் அதற்காகக் காத்திருந்தீர்களோ என்னவோ. உங்கள் காதுக்காக நான் அழுதது உங்களுக்குத் தெரியும். போனதற்காக அழவில்லை. இரண்டும் வேறு வேறு.

யுத்தம் முடிந்த பிறகு, கண்டியில் கடை கடையாக ஏறி இறங்கிச் சாமான்கள் வாங்கி வந்து நீங்கள் இன்னொரு பெட்டியைப் பொருத்திச் செய்தீர்கள். எதற்கு என்று கேட்டேன். செய்து முடித்து, காதில் மாட்டுவதை என் கையில் வைத்தீர்கள்.

"நீ கேள். ஏதும் கேட்டா என்னைக் கேட்டுக்கொண்டு நிக்காதை. சொல்லு." பிறகு, "இந்தமுறை நானும் ஸ்டேஷனுக்கு வாறன்" என்றீர்கள்.

அப்படி ஒரு பேச்சு பிறகு என் காதில் விழவேயில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நாளைக்கே காதில் விழுந்தாலும் என் பெயரைச் சொல்லித்தான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. உங்களுக்குக் கேட்கிற பக்கம் என்று அத்தனை வருஷமும் உங்கள் இடப்பக்கமாக நடந்து பழகிவிட்டேன். இப்போது தெருவில் யாரோடு போனாலும் சுற்றிக்கொண்டு அவர்களின் இடப்பக்கம்தான் போகிறேன். "ஏன்க்கா, ரோட்டுப் பக்கமா வந்து முட்டுறீங்க?" என்று அடுத்த வீட்டுப் பெண் ஏசுகிறாள். ஏசட்டும்.