பதினெட்டுப் பயணங்கள்

ஜனவரி 6, திங்கள்

அடுத்த வாரத்துக்கான டூட்டிப் பட்டியலை மூன்று மணிக்கே முடித்துவிட்டேன். எண்பத்திரண்டு ஓட்டுநர்கள், நாற்பத்தொரு பேருந்துகள், ஒரு பென்சில், ஒரு ரப்பர். கணிதப் பட்டம் இதற்காவது உதவுகிறதே.

டிப்போவின் இரண்டு பெண் ஓட்டுநர்களுக்கும் வழக்கம்போல ஆஸ்பத்திரி ரூட். ஊருக்குள்ளேயே சுற்றிவருவது, மாலை ஐந்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். ஒருத்தி நெட்டை. அந்தப் பெயரை அவளே வைத்துக்கொண்டாள், மற்றவர்கள் வைப்பதற்குள். இன்னொருத்தி கண்ணாடி, மூன்று வயதுக் குழந்தைக்காரி. வேலையில் சேர்ந்து இருபத்தொரு மாதம் ஆகிறது. ஒருநாள்கூட அவர்களை மலை ரூட்டுக்கு நான் அனுப்பியதில்லை. ஏழு மணி நேர ஓட்டம், அங்கே ஓர் இரவு தங்கல், தங்கும் அறையில் வரிசையாக ஆண்கள். என் மகளாக இருந்தால் அனுப்புவேனா?

மூத்த ஓட்டுநர் வெண்ணெய் பட்டியலைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினார். பிரேக் போட்டால் வண்டி நின்றதே தெரியாது என்பதால் வந்த பெயர். பாராட்டா திட்டா என்று அவருக்கே இருபது வருடமாகச் சந்தேகம். "பொம்பளப் புள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி போடுறீங்க மேடம். மனசுன்னா இதுதான் மனசு" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

மழை. இரண்டு வண்டி பழுது. பட்டியலை நான்கு முறை மாற்றினேன்.

ஜனவரி 16, வியாழன்

நெட்டை ஒரு படிவத்தோடு வந்தாள். இரண்டு வருடப் பயிற்சிக் காலம் மார்ச் கடைசியோடு முடிகிறது. பணி நிரந்தரத்துக்கான படிவம். ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். தொலைதூரப் பயணம், போய்வர ஒன்று என்று கணக்கு, குறைந்தது பதினெட்டு. அவளுக்குப் பூஜ்யம். கண்ணாடிக்கும் பூஜ்யம். அதே நாளில் சேர்ந்த பையன்களுக்கு நாற்பது, ஐம்பது.

பத்தொன்பது வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். ஆண்கள் எல்லோரும் தானாகவே தாண்டிவிடுகிற எண்ணிக்கை என்பதால் அந்தக் கட்டம் என் கண்ணில் பட்டதே இல்லை. பதினெட்டு இல்லையென்றால் நிரந்தரம் இல்லை. நிரந்தரம் இல்லையென்றால் ஏப்ரல் ஒன்றாம் தேதி அவர்களுக்கு வேலை இல்லை.

போன வருடம் அவள் மூன்று முறை மலை ரூட் கேட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மூன்று முறையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"சுலபமான ரூட்டா குடுங்கன்னு நான் என்னைக்காவது உங்ககிட்ட கேட்டேனாக்கா?"

இல்லை. கேட்கவில்லை. நானும்தான் அவளைக் கேட்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

வேலையில் கை ஓடவில்லை. சோறு குழைந்துவிட்டது. இவரிடம் சொன்னேன். நீ நல்லதுதானே நினைத்தாய் என்றார். "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?"

மகள் போனிலிருந்து நிமிராமலேயே சொன்னாள்: "சாகாதுப்பா. ஆனா மிதிச்சுக்கிட்டே நின்னா அது எப்படி நடக்கும்?"

இவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெண்ணெய் என் மனசைப் பாராட்டியது நினைவுக்கு வந்தது. மலை ரூட்டுக்குப் பேட்டா உண்டு, மறுநாள் ஓய்வும் உண்டு. அந்தப் பெண்களை நான் அனுப்பாத ஒவ்வொரு பயணமும் யாருக்குப் போனது? அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும்தான். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய. பென்சில் என் கையில்தானே இருந்தது.

கணக்குப் போட்டேன். அடுத்த வாரப் பட்டியல் ஏற்கெனவே போய்விட்டது. அதற்குப் பிறகு மார்ச் முடிய முழு வாரம் ஒன்பது இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பயணம். ஒன்பது இரண்டு பதினெட்டு. ஒன்றுகூடத் தவறக் கூடாது.

ஜனவரி 20, திங்கள்

மேலாளரிடம் போனேன். பூஜ்யத்துக்குக் காரணம் அந்தப் பெண்கள் அல்ல, நான்தான் என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர், குரலே உயராது. "வாயால சொன்னா போதும்மா. இது உங்க ஃபைல்ல போய் உக்காந்துக்கும். மேற்பார்வையாளர் லிஸ்ட்ல இந்த வருஷம் உங்க பேரு இருக்கு, தெரியும்ல?"

தெரியும். ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன். ஆனால் வாயால் சொன்னதை பணி நிரந்தரத்தை முடிவு செய்கிற குழு படிக்குமா?

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. என் தப்புக்கு என் பெயரைப் போட்டேன், அவ்வளவுதான்.

ஜனவரி 21, செவ்வாய்

கண்ணாடியைக் கூப்பிட்டு, குழந்தையை வைத்துக்கொண்டு இரவு தங்கல் முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் அக்கா வந்து குழந்தையோடு இருப்பாளாம், அந்த நாட்களில் போகலாமாம். தாள் ஓரமெல்லாம் நைந்திருந்தது. எப்போது எழுதியது என்றேன். சேர்ந்த மாதமே என்றாள்.

"என் புள்ளைய யாரு பாத்துப்பாங்கன்னு நான் யோசிக்காமலா இந்த வேலைக்கு வந்தேன்?"

ஜனவரி 25, சனி

பத்தொன்பது வருடமாக மலை ரூட்டுக்கு ஆள் அனுப்புகிறேன். இன்றுதான் முதல் முறையாக அந்த வண்டியில் ஏறினேன். விதிப்படி முதல் ஓட்டத்தில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்த ஓட்டம் பதினெட்டில் சேராது. வெண்ணெய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஓட்டியது நெட்டை.

வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூடவில்லை, அது போதும். ஒன்பதாவது வளைவில் எதிரே லாரி வந்தபோது பின்னால் எடுத்து ஒதுக்கி வழிவிட்டாள். வெண்ணெய் அதுவரை பிடித்திருந்த கம்பியிலிருந்து கையை எடுத்தார். அவரிடமிருந்து அதுவே பெரிய சர்டிபிகேட்.

நடுவில் டீக்கு நிறுத்தம், பதினோரு நிமிடம். நான் போட்ட பதினோரு நிமிடம். கழிவறை சாலைக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் பங்க்கில். நெட்டை ஓடிப்போய் ஓடிவந்தாள். டீ குடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நிமிடம் போடுகிறவளுக்குச் சாலை எவ்வளவு அகலம் என்று எப்படித் தெரியும்?

மேலே போனதும் தங்குமிடத்தைப் பார்த்தோம். ஒரே கூடம், எட்டுக் கட்டில், தாழ்ப்பாள் இல்லாத ஒரு குளியலறை. பின்பக்கம் ஒரு சாமான் அறை: கிழிந்த சீட்டுகள், பழைய டயர்கள். ஆனால் ஜன்னல் உண்டு, குழாயும் உண்டு. அங்கிருந்த நேரக் காப்பாளரிடம் பெண்களுக்கென்று காலி செய்யலாமா என்றேன். "எட்டு வருஷமா யாராவது கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சாவியைத் தேடப் போனார்.

டயர் உருட்டினேன். நாற்பத்தாறு வயதில். இடுப்பு வலிக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

போன வாரமே சலசலப்பு. இன்று நேராகவே வந்துவிட்டார்கள். வாரத்துக்கு நான்கு மலைப் பயணம் இரண்டு பெண்களுக்கு என்றால் மற்றவர்கள் பேட்டாவுக்கு என்ன செய்வது என்று ஆறேழு பேர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தொரு மாதம் நான் தவறாகப் போட்டேன், இப்போது சரி செய்கிறேன், மார்ச் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தப்பை ஒப்புக்கொண்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

புதிய நேர அட்டவணையும் ஒட்டினேன். டீ நிறுத்தம் இருபது நிமிடம்.

பிப்ரவரி 19, புதன்

ஆளுக்கு ஏழு முடிந்தது. பதினொன்று பாக்கி.

மார்ச் 12, புதன்

மலையில் மண் சரிவு. பாதை நான்கு நாள் மூடல். ஆளுக்கு ஒரு பயணம் போச்சு. ஐயோ, ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று எழுதிவைத்தேனே. எழுதிவைத்தால் மலை கேட்குமா?

மார்ச் 24, திங்கள்

வெண்ணெய் இரண்டு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். காரணம், வயிற்றுவலி. வலி வியாழக்கிழமை வருமாம், ஞாயிற்றுக்கிழமை வருமாம், இன்றே தெரியுமாம். இரண்டும் அவருடைய மலை டூட்டி.

நான் அவரையே பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். "சக்கர வியாதிக்காரன் மேடம் நான். அந்த டீ ஸ்டாப்புல ஒன்பது நிமிஷம் கூட்டிக் குடுத்தீங்கள்ல, இருபது வருஷமா யாருகிட்டயும் சொல்ல முடியாம அடக்கிக்கிட்டு ஓட்டிக்கிட்டிருந்தேன். கேட்டா சிரிப்பானுங்க." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "வயித்துவலிக்கு டாக்டர் சீட்டு வேணுமா?"

வேண்டாம் என்றேன்.

வியாழன் நெட்டைக்கு. ஞாயிறு கண்ணாடிக்கு என்று போடப் போனவள், பென்சிலை வைத்துவிட்டு அவளிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வரமாட்டாளாம். "பதினேழோட நிக்கட்டும்க்கா. என்ன ஆகுதுன்னு பாத்துடலாம்" என்றாள். வற்புறுத்த வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

நெட்டை பதினெட்டு. நிரந்தரம்.

கண்ணாடி பதினேழு. என் கடிதத்தைக் குறிப்பிட்டு, மூன்று மாத நீட்டிப்பு. பதினெட்டாவதை அடுத்த செவ்வாயே முடித்துவிடுவாள்.

மேற்பார்வையாளர் பட்டியலில் என் பெயர் இல்லை. வலித்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

நெட்டை எல்லோருக்கும் டீ வாங்கினாள். எனக்கு மட்டும் சர்க்கரை கூடப் போட்டு. இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது என்றாள். இருக்கட்டும் என்றேன்.

மே 12, திங்கள்

தலைமை அலுவலகம் நம் டிப்போவிலிருந்து ஓர் ஆள் கேட்டிருந்ததாம். எல்லா டிப்போக்களுக்கும் போய், ஓட்ட நேரங்களையும் தங்குமிடங்களையும் பார்த்து மாற்றி எழுத. மாதத்தில் பன்னிரண்டு நாள் வெளியூர். நம்முடைய மலை அட்டவணையைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்ததாம். மேலாளர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உங்களுக்கு வீடு, பொண்ணு படிப்புன்னு இருக்கு. எதுக்கு அலைச்சல்னு நான் வேற ஆள் பேர எழுதியிருக்கேன்."

மகள் பிறந்த வருடமும் வேறொரு மேலாளர் இதையே சொல்லி வேறு ஆளை அனுப்பினார். அன்றைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

"சார், என்கிட்ட கேக்கவே இல்லையே."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், நல்லதுதான் நினைத்தார். எனக்குத் தெரியாதா, அது எப்படி நடக்கிறதென்று? அவர் எழுதிய கடிதம் இன்னும் போகவில்லை, மேசையிலேயே இருந்தது. என் எதிரிலேயே அந்தப் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

வீட்டில் சொன்னேன். அப்படியானால் சோறு யார் குழைப்பது என்றார் இவர்.

ஜூன் 17, செவ்வாய்

மூன்றாவது டிப்போ. எங்கள் ஊரிலிருந்து ஐந்து மணி நேரம். தங்குமிடத்துக்குத் தேவையானவை என்று பதினோரு வரி எழுதி, அளவு நாடாவோடு வந்திருந்தேன். அறை, தாழ்ப்பாள், குழாய், அலமாரி என்று. நோட்டை மூடி வைத்துவிட்டு, மதியம் நடத்துநர் பெண்கள் மூவரோடு பெஞ்சில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டேன்.

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவள் சொன்னாள். "ரூமெல்லாம் மெதுவா ஆகட்டும்மா. இந்த கேட்லேருந்து மெயின் ரோடு வரைக்கும் நடக்கிற வழியில ஒரு லைட்டு போட்டுக் குடுங்க. அது இருந்தா கடைசி டூட்டியும் நாங்களே எடுத்துக்குவோம்."

என் பதினோரு வரியில் விளக்கு இல்லை.