ஐந்தாவது சாக்கு

18 செப்டம்பர் 2008, வியாழன்

சோதனைக்கு ஆபீசர் ஜீப் வருகிறது என்றதும் இன்றைக்கும் கருவேலங்காட்டுக்குள் ஓடினேன். பட்டாசுக்கு மருந்து அடைக்கிற அறையில் நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். தீபாவளி சீசன் என்று கம்பெனியில் ஐந்தாவது சாக்கும் விரித்திருக்கிறார்கள். அதில் உட்காருகிறவள் நான்.

திரும்பும்போது வேனில் மதினியிடம் கேட்டேன். அண்ணன் மனைவி, பேக்கிங்கில் இருக்கிறாள்.

"நம்ம உசுருக்காகப் போட்ட சட்டம் வந்தா நாமளே எதுக்கு மதினி ஓடி ஒளியணும்?"

"கம்பெனிய மூடிட்டா ஊரு எதத் திங்கும்? ஊருக்கு நல்லதுன்னா ஒரு பொய் தப்பில்ல புள்ள."

"தீப்பிடிச்சா அந்தச் சின்ன வாசல்ல அஞ்சு பேரும் வெளிய வந்துருவோமா? அந்தப் பொய்யி நாலு பேரையும்லா சேத்துக் கொல்லும்?"

வேனே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. நாளையிலிருந்து நான் அங்கே உட்கார மாட்டேன் என்றேன்.

மதினி நிதானமாகச் சொன்னாள்: "நீ உக்காரலைன்னா அங்கன என்னைய உக்காரச் சொல்லுவாக. நான் உக்காருவேன்."

இந்த ராத்திரியில் எனக்குத் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம். நான் ஒருத்தி மட்டும் யோக்கியமாக இருந்து என்ன பிரயோசனம்?

காலையில் வேலை தொடங்குமுன் அந்த அறை வாசற்படியில் உட்காரப் போகிறேன். ஐந்தாவது சாக்கை வெளியே எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். உள்ளே போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மதினி தாண்ட மாட்டாள். வீட்டில் பிள்ளை குறுக்கே படுத்திருந்தால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.