சோப்பு டப்பாவுக்கு இரண்டு கையெழுத்து

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

காகிதத்தில் கடிதம் வந்திருக்கிறதே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. எல்லோரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். நீ ரூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ரூட்டருக்கு இலவச மென்பொருள் எழுதும் நம் குழுவின் மெயில் எதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆபீசில் மோப்பம் பிடிக்கிறார்களோ என்னவோ. தபால்காரர் நம்மாள். பிரித்துப் பார்த்தாலும் என் கிறுக்கல் அவருக்குப் புரியாது.

உன் அண்ணன் சௌக்கியம். நான் நாம் எழுதிய புது ஃபர்ம்வேரை ரூட்டரில் ஏற்றி, வீட்டில் இணையம் அறுந்துபோகும் ஒவ்வொரு தடவையும், "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்ல நெட்டு ஒழுங்கா வந்துச்சு" என்கிறார். அப்போது உங்கள் வீட்டில் நெட்டே கிடையாது என்பதை ஊரில் நாத்தனாரைத் தவிர வேறு யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

விஷயத்துக்கு வருகிறேன். கீழ்வீட்டு டெய்லரம்மா போன வாரம் மேலே ஏறி வந்தாள். "அக்கா, பேங்குப் பக்கத்தைத் திறந்தா அதே மாதிரி வேற என்னமோ வருது. பாஸ்வேர்டை ரெண்டு தரம் கேக்குது." அவளிடம் இருப்பது நம் சோப்பு டப்பாதான். இப்போது நீ வேலை பார்க்கும் கம்பெனியே விற்றுவிட்டுக் கைகழுவிய அந்த வெள்ளை ரூட்டருக்கு நீ வைத்த பெயரைத்தான் இப்போது ஊரே சொல்கிறது. பிரித்து மேய்ந்ததில், கம்பெனியின் பழைய மென்பொருள் கோடிலிருந்து நாம் அப்படியே எடுத்து வைத்திருந்த ஒரு துண்டில் ஓட்டை. வெளியிலிருந்து எவன் வேண்டுமானாலும் நுழைந்து, நாம் கேட்கும் பக்கத்துக்குப் பதிலாகப் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். அடைத்துவிட்டேன்.

டெய்லரம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். "இதுக்கு எவ்வளவுக்கா வாங்குவீங்க?"

"ஒண்ணும் கிடையாது. எழுதினதை எல்லாருக்கும் திறந்து வெச்சிருக்கோம். யாரும் எடுத்துக்கலாம், திருத்தலாம், திட்டலாம்."

"திட்டுவாங்களா?"

"அது மட்டும் தவறாம நடக்குது."

அவள் டப்பாவைச் சரிசெய்தாயிற்று. இந்த அடைப்பு மற்ற வீடுகளுக்கும் போக வேண்டுமே. விதி நீ போட்டது: முதல் லாட் டப்பா என்னிடம், கம்பெனி சிக்கனம் பிடித்துச் சின்ன சிப் வைத்த இரண்டாம் லாட் உன்னிடம். இரண்டிலும் ஏற்றிப் பார்த்து, இருவர் கணினிக் கையெழுத்தும் விழுந்தால்தான் புதுப் பதிப்பு வெளியே போகும். என் கையெழுத்து போட்டாயிற்று. உன்னுடையதைப் போடு.

உன் அண்ணி

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். நடுவில் சிரித்துத் தொலைத்ததில் பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல், "உடம்பு சரியில்லையா?" என்றது.

அண்ணி, நான் கையெழுத்துப் போட முடியாது. வெளி மென்பொருள் எதிலும் என் பெயர் வராது, கம்பெனிப் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். இன்னும் இரண்டு வாரத்தில் எங்கள் புது ரூட்டர் வருகிறது. பூட்டுப் போட்டது. கம்பெனி ஃபர்ம்வேரைத் தவிர எதையும் உள்ளே விடாது. 'பழைய பெட்டி ஆபத்து, தூக்கிப் போடுங்கள்' என்பதுதான் விளம்பரம். நீங்கள் ஓட்டையை அடைத்துவிட்டால் அந்த விளம்பரத்துக்கு என்ன அர்த்தம்?

மேனேஜருக்கு நீங்கள் யாரென்று தெரியும். "உங்க அண்ணிகிட்ட சொல்லுங்களேன். சோப்பு டப்பாவுக்குக் காலம் முடிஞ்சுதுன்னு அவங்க இணையப் பக்கத்துல ஒரு வரி போடட்டும். ஆலோசகர்னு ஒரு பதவி குடுத்துடலாம்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கோபப்படாதீர்கள். நம் குழுவில் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன், வந்ததெல்லாம் புகார்தான். இங்கே முதல் வாரமே ஒருவர் என் மேசைக்கு வந்து நன்றி சொன்னார். எனக்கு அது வேண்டியிருக்கிறது. புது ரூட்டர் வரும்வரை பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாலு

*

மார்ச் 13

அன்புள்ள வாலுக்கு,

ஆலோசகரா, நானா? என் ஆலோசனையை உன் அண்ணனே கேட்பதில்லை. உங்கள் கம்பெனி கேட்டு உருப்படப் போகிறதா?

உன் மேனேஜரிடம் சொல். விற்ற பெட்டி வாங்கியவருடையது. அதற்குள் என்ன ஓட வேண்டும் என்று வாங்கியவர்தான் முடிவு செய்வார். சட்டை விற்றவன் பின்னாலேயே வந்து "கிழிஞ்சா தைக்கக் கூடாது, புதுசு வாங்கணும்" என்றால், எங்கள் டெய்லரம்மா கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு தெரு முனைவரை விரட்டுவாள். நான் அவளைவிடக் குண்டு, ஓட முடியாது. அதனால் கோடு எழுதுகிறேன்.

பொறுக்கச் சொல்கிறாய். பொறுக்கும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு நீ என்ன பதில் சொல்வாய்? 'விளம்பரம் தயாராகிறது, கொஞ்சம் இருங்கள்' என்றா?

நன்றியைப் பற்றி எழுதியிருந்தாய். நம் குழுவில் நன்றி சொல்லும் வழக்கமே கிடையாது பெண்ணே. தப்பு சொல்லாமல் விட்டால் அதுதான் நன்றி. உன் கோடில் நான் கடைசியாக எப்போது தப்பு கண்டுபிடித்தேன், யோசித்துப் பார். நாத்தனார் எழுதியதில் குறை சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் எந்த அண்ணியாவது விடுவாளா?

வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். உன் கையெழுத்து வராவிட்டால் என் ஒற்றைக் கையெழுத்தோடு வெளியே விடுவேன். விதி போனால் போகட்டும். அடைப்பை அனுப்பியிருக்கிறேன், பார்ப்பதும் பார்க்காததும் உன் பாடு.

கோபம் குறையாமல்,
உன் அண்ணி

*

மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

குழுவின் இணையப் பக்கத்தில் 'நிறுத்துங்கள்' என்று நான் என் பெயரைப் போட்டு எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் பார்த்தார்கள். மேனேஜரும்தான்.

நீங்கள் வெளியிடுவதற்குள் அதில் ஒரு தப்பாவது கண்டுபிடித்து உங்கள் மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் என் இரண்டாம் லாட் டப்பாவில் ஏற்றினேன். ஏற்றியதும் விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்து அப்படியே நின்றுவிட்டது. டப்பா வெறும் செங்கல் ஆகிவிட்டது! எல்லாம் உங்கள் வண்ண வரைபடம் செய்த வேலை. யார் எவ்வளவு டவுன்லோடு செய்தார்கள் என்று கலர் கலராகக் காட்டுமே, அதை யார் அண்ணி இந்தப் பதிப்பில் சேர்க்கச் சொன்னது? சின்ன சிப்பில் அதற்கு இடம் ஏது?

செத்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டால் போதும். வெள்ளிக்கிழமை எத்தனையோ வீடுகளில் இதே போல டப்பா செத்துப்போகும். கம்பெனி விளம்பரமே கொடுக்க வேண்டாம், பழி முழுக்க உங்கள் தலையில். நான் தலையாட்டிவிட்டு வந்தது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

உடனே அந்த 'நிறுத்துங்கள்' என்பதை எழுதிப் போட்டேன். பிறகு மூடியைக் கழற்றி, கம்பி வைத்து டப்பாவைப் பிழைக்க வைத்தேன். வரைபடத்தைப் பிடுங்கிப் போட்டேன். மறுபடி ஏற்றினேன், ஓடியது. கையெழுத்தை ஆபீசில் என் மேசையிலேயே, முழுப் பெயரோடு போட்டேன். திருட்டுத்தனமாகப் போட மனசு வரவில்லை.

மேனேஜர் கூப்பிட்டார். "நீங்க எங்க ஆளா, அவங்க ஆளா?"

"டப்பா வெச்சிருக்கிறவங்க ஆளு சார்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். உங்க வீட்லயும் சோப்பு டப்பாதானே? ஏத்திக்கோங்க. இலவசம்."

அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனி ஆபீஸ் முகவரிக்கு எழுத வேண்டாம்.

வாலு

*

மார்ச் 23

அன்புள்ள வாலுக்கு,

இரண்டு கையெழுத்தோடு பதிப்பு வெளியே போய்விட்டது. திட்டு வரத் தொடங்கிவிட்டது, ஆகவே எல்லாம் நலமாக ஓடுகிறது என்று அர்த்தம். பாதித் திட்டு, வரைபடம் எங்கே என்று கேட்டு. அந்த வரைபடத்தை நான் ஒருத்திதான் ரசிக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

செங்கல் விஷயத்தில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. நீ எழுதியதில் தப்பே இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் பழைய கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பதிப்பைப் பக்கத்திலிருந்து நீக்க வேண்டுமாம். கோடு முழுவதும் திறந்தே கிடக்கிறது, எந்த வரி உங்களுடையது என்று காட்டுங்கள், அந்த வரியில்தான் ஓட்டை இருந்தது என்று நானும் ஊருக்குக் காட்டுகிறேன் என்று பதில் போட்டேன். பிறகு சத்தமில்லை.

ஜாகையைக் காலி செய்துகொண்டு இங்கே வா. உன் அண்ணன் மாடி அறையை ஒழிக்கிறேன் என்று சொல்லி என் பழைய ரூட்டர்களைப் படிக்கட்டில் அடுக்கி வைத்திருக்கிறார். நானே தடுக்கி விழுந்தேன்.

பூட்டுப் போட்ட உங்கள் புது ரூட்டர் கடைக்கு வந்துவிட்டது. ஒன்று வாங்கிவிட்டேன். ரசீது இருக்கிறது, ஆகவே என்னுடையது. மூடியையும் கழற்றியாயிற்று. உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். பேசாதே. வாக்கு வாக்குதான். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடி. நான் பாட்டுக்கு அந்தப் பூட்டை எங்கே திறக்கலாம் என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு போவேன், தப்பான இடத்தைத் தொட்டால் உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடும்.

மூஞ்சியைப் பற்றி அவர்கள் எதுவும் எழுதி வாங்கவில்லையே?

உன் அண்ணி