வீரையன் வாங்காத பதிவுத் தபால்

என் அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. சம்பா கதிர் வாங்கி நிற்கிறது. சாயங்காலம் வழக்கம்போல டிவி ஓடுகிறது. அதில் தபால்காரர் வந்தால் "அணைச்சுத் தொலை" என்று கத்தத்தான் ஆள் இல்லை.

அதற்காக எத்தனை தடவை உங்களைக் கேலி செய்திருப்பேன்! சினிமாத் தபால்காரரின் காக்கிச் சட்டையில் சேறே இருக்காது. "சார், போஸ்ட்" என்பார், மணி அடிப்பார், போய்விடுவார். நம் ஊர்த் தபால்காரரான உங்களை ஐப்பசி மழையில் சைக்கிள் சுமந்ததைவிட, நீங்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்ததுதான் அதிகம். பொய்யாகக் காட்டுகிறார்களே என்றுதான் உங்களுக்குக் கோபம் என நினைத்திருந்தேன். அது இல்லையாம்.

உங்கள் பதினாறாம் நாளுக்குச் செல்வி வந்திருந்தாள். பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுத வீரையனின் மகள். இப்போது கீழ்வேளூரில் டீச்சர். இலையில் உட்காராமல் என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னாள்.

தெருவுக்குத் தெரு கட்சிக் கொடியும், வயலுக்கு வயல் தகராறுமாக இருந்த காலம். உழுகிறவனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. அந்தச் சமயத்தில் நீங்களும் வீரையனும் திருத்துறைப்பூண்டியில் ஒரு மேட்டினி பார்த்தீர்களாமே. படத்தில் ஒரு தபால்காரர், ஏழை வீட்டுக்கு வந்த கெட்ட சேதியைக் கொடுக்காமல் பைக்குள் ஒளித்துவிடுகிறார். கொட்டகையே கை தட்டியதாம். நீங்களும் தட்டினீர்களாம்.

பத்து நாள் கழித்து வீரையன் பேருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. நிலத்தை விடச் சொல்லிப் பண்ணை போட்ட வழக்கு.

"கோர்ட்டுக் கடுதாசி வீரையா. கைநாட்டு வச்சா மாட்டிக்குவே. வாங்காதே, நான் திருப்பி அனுப்பிடுறேன்."

"நீங்க சொன்னா சரிதாங்க."

உறையின்மேல் "வாங்க மறுத்தார்" என்று எழுதித் திருப்பிவிட்டீர்கள். மறுத்தால் கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்பது வீரையனுக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது அப்பா? வாய்தாவுக்கு ஆள் வரவில்லை என்று தீர்ப்பு பண்ணைக்குச் சாதகமாகப் போனது. நேரில் போய் நின்றிருந்தால் சட்டம் வீரையனைக் காப்பாற்றியிருக்கும். தான் நடவு நட்ட வயலில் அறுப்புக்கு அவரை இறங்க விடவில்லை.

"எங்கப்பா கடைசி வரைக்கும், போஸ்ட்மேன் நல்லதுக்குத்தானே சொன்னாருன்னார்," என்றாள் செல்வி. "எனக்குத்தான் அக்கா அப்படி நினைக்க வரலை. உங்கப்பா சைக்கிள் வந்தா உள்ளே போயிடுவேன். அவரும் ஒரு நாள்கூட எங்க வாசல்ல நின்னு, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லலை."

ஏன் அப்பா சொல்லவில்லை? தினமும் அந்தத் தெரு வழியாகத்தானே போனீர்கள்?

போன வாரம் சீரியல் எடுக்கிறவர்கள் வந்தார்கள். உங்கள் காக்கிச் சட்டையும் பையும் வேண்டுமாம். அவர்கள் கதையிலும் ஒரு தபால்காரர் நோட்டீஸை ஒளித்துவைக்கிறார்.

"அதுக்கப்புறம் அந்தக் குடும்பம் என்ன ஆகுதுன்னு காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"தபால்காரருக்கு அந்த ஒரு சீன்தான் மேடம்."

தர முடியாது என்று அனுப்பிவிட்டேன். சட்டையை மடித்து வைக்கும்போது அழுகை வந்துவிட்டது. உங்கள்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கை தட்டல் வாங்கிய அந்த ஒரு சீனைப் பார்க்க மாட்டாமல்தான் இத்தனை வருஷம் டிவியை அணைக்கச் சொன்னீர்களா? என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்க நினைத்திருக்கிறேன். அச்சாவதற்கு முன் ஒரு பிரதியைச் செல்விக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் கேட்காத மன்னிப்பை அதன் அடியில் எழுதி நான் கேட்டிருக்கிறேன். அவள் சம்மதித்தால்தான் ஊர் படிக்கும். வாங்கு என்றோ வாங்காதே என்றோ இந்த முறை யாரும் அவளுக்குச் சொல்லப்போவதில்லை. மறுத்துத் திருப்பிவிட்டால், அந்த உறையைப் பிரிக்காமல் உங்கள் படத்துக்குக் கீழே வைப்பேன். பிறகு நானே கீழ்வேளூருக்குப் போய் அவள் வாசலில் நிற்பேன். இது சத்தியம் அப்பா.

இன்றைக்கும் ஊருக்குத் தபால்காரர் மகளாகவே இருக்கும்,
உங்கள் மூத்தவள் மல்லிகா