கிண்ணம் குடித்த எண்ணெய்

2024 பிப்ரவரி 12

ஆய்வுக்கூட எலிகள் இன்றும் எவர்சில்வர் கிண்ணங்களைக் கவிழ்த்துவிட்டன. தீவனம் சிந்தினால் எது எவ்வளவு தின்றது என்று எப்படிச் சொல்வது? பீங்கான் கம்பெனிக்காரரைக் கட்டிக்கொண்டதற்கு இந்தப் பயனாவது வேண்டாமா? கனமாக நாற்பது கிண்ணம் கேட்டிருக்கிறேன். பளபளப்புக்குப் பூசும் கிளேஸ் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதிலுள்ள ரசாயனம் எலி வயிற்றுக்குப் போனால் பழி நாங்கள் சோதிக்கப்போகும் எண்ணெய் மேல் விழும்.

"எனக்குச் சோறு போடறப்ப இவ்ளோ பாக்க மாட்ட" என்றார் இவர்.

பிப்ரவரி 19

தொடங்கிவிட்டோம். நாற்பது எலி, தொண்ணூறு நாள். பத்துக்கு வெறும் தீவனம். மற்றவற்றுக்குப் புளிச்சக்கீரை விதை எண்ணெய் பிசைந்தது. கருவேப்பிலங்குறிச்சி மகளிர் குழு ஆட்டிய எண்ணெய். சமையலுக்கு ஆகும் என்று எங்கள் அறிக்கை வந்தால்தான் அவர்கள் விற்பனை அனுமதிக்கு மனுப் போட முடியும். குழுத் தலைவி ஆண்டாளக்கா போனில், "தீவாளிக்குள்ள ஆயிடுமாம்மா?" என்றார். மே மாதமே ஆகிவிடும் என்று பெரிதாகச் சொன்னேன்.

மார்ச் 27

எல்லாம் நலம். வாலில் பச்சைக்கோடு போட்டவன் என்னைக் கண்டால் கம்பியைப் பிடித்து நிற்கிறான். எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது ஆய்வுக்கூடத் தலைவர் பானுமதி மேடத்தின் சட்டம். நான் வைக்கவில்லை. வீட்டில் கதை கேட்ட மகள் பூங்கோதை வைத்துவிட்டாள் — பச்சையப்பன்.

மே 9

கழுவிய கிண்ணத்தின் அடிப்புறம் கையில் வழுக்கியது. துடைத்து வெயிலில் வைத்தேன். அரை மணியில் மறுபடி ஈரம். முகர்ந்தேன் — எண்ணெய். எண்ணெய் படாத கிண்ணத்தைவிடப் பதினேழு கிராம் கூடுதல்.

கிளேஸ் இல்லாத மண் எதையும் குடிக்கும். பீங்கானுக்குப் பேர்போன இந்த ஊரில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாதா? மிஞ்சிய தீவனத்தை நிறுத்தேன், கிண்ணத்தை நிறுக்கவேயில்லை. எலி தின்றது எவ்வளவு, கிண்ணம் குடித்தது எவ்வளவு? ஐயோ, இன்னும் பத்தே நாள்தான் இருந்துச்சு. யாரும் பார்க்கல. சொல்லாம இருந்தா —

மே 10

சொல்லிவிட்டேன். மேடம் கிண்ணத்தை வாங்கித் தாமே தராசில் வைத்துப் பார்த்தார். பிறகு, "முதல்லேர்ந்து செய்யணும் வேல்விழி. எலிச் சோதனைக்கு அனுமதி தர்ற கமிட்டிக்கு நீயே எழுது" என்றார்.

கணக்கு தப்பிய எலிகளை மறுபடி பயன்படுத்த முடியாது; நாற்பது உயிர் வீண். பச்சையப்பனும். பூங்கோதையிடம் என்ன சொல்வேன்?

மே 11

போனில் சொல்ல வாய் வரவில்லை. நேரிலேயே போனேன். ஆண்டாளக்கா செக்கை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எங்க வூட்டுப் புள்ளைங்கதான மொதல்ல திங்கப் போவுதுங்க. எலியே சரியாத் திங்கலன்னா எப்பிடிம்மா? மறுக்கா செய்யுங்க, நாங்க இருக்கறோம்."

மோர் கொடுத்தார். பஸ்ஸில் அழுதேன்.

ஜூன் 24

கமிட்டி அனுமதி வந்தது. இவர் போன வாரமே புதுக் கிண்ணங்கள் கொண்டுவந்திருந்தார். "ஈயம் இல்லாத கிளேஸு. டெஸ்ட் ரிப்போர்ட்டும் இருக்குது, படிச்சுக்க." இரண்டு நாள் எண்ணெய் ஊற்றிவைத்து நிறுத்தேன். ஒரு கிராம்கூட ஏறவில்லை. அடுத்த வாரம் புதிதாக நாற்பது எலிகளோடு மறுபடி தொடங்குகிறோம்.

செப்டம்பர் 30

கடைசி நாள். உறுப்புகளைச் சோதிக்க அறுக்குமுன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்தபோது மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்ய?

அக்டோபர் 21

கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் — எதிலும் பழுதில்லை. முதல்முறை நடந்த தவற்றையும் அறிக்கையில் ஒரு பக்கம் எழுதினேன். மேடம் ஒரு வரியும் அடிக்காமல் கையெழுத்திட்டார்.

அக்டோபர் 29

நாளை மறுநாள் தீபாவளி. ஆண்டாளக்கா ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தார். வடை சுட்டேன். எட்டு மாதமாகத் தொட்ட எண்ணெய், நாக்கில் வைத்ததில்லை. பூங்கோதை முதல் வடைக்குக் கை நீட்டினாள்.

"இரு பாப்பா" என்றேன். இந்த எண்ணெய் தின்ற அறுபது எலிகளுக்கு அப்புறம் என் முறை. தின்றேன். பிறகு மீதியை அவளுக்குக் கொடுத்தேன்.